பார்க்கின்சன் உள்ள அப்பாவுக்கு ஒரு நாளை எப்படி அமைப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பாவுக்கு வயது 67, நான்கு வருடமாகப் பார்க்கின்சன். சின்டோபா 110 மூன்று வேளை. பழைய வண்ணாரப்பேட்டையில் முதல் மாடி வீடு. காலை டிபனுக்குப் பிறகு நன்றாக இருப்பவர், பதினோரு மணிக்கு மேல் நாற்காலியை விட்டு எழவே சிரமப்படுகிறார். நிலைப்படி அருகே போனால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. சில நாள் மாத்திரை போட்டும் போடாததுபோல இருக்கிறது. நோய் முற்றிவிட்டதா, வீட்டில் என்ன செய்வது?

முற்றிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி மாத்திரை நேரத்தோடு சம்பந்தப்பட்டது. சரிசெய்ய இடமிருக்கிறது.

சின்டோபாவில் இரண்டு மருந்துகள் உள்ளன. லெவோடோபா மூளைக்குள் போய், உடல் அசைவை நடத்தும் டோபமின் என்ற பொருளாக மாறுகிறது. பார்க்கின்சனில் குறைவது இதுதான். வழியிலேயே, ரத்தத்தில் இருக்கும்போதே அது வீணாகாமல் கார்பிடோபா தடுக்கிறது. லெவோடோபா ரத்தத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைவு, ஒன்றரை மணி நேரத்திலேயே அளவு பாதியாகிவிடும். முதல் சில வருடங்கள் மூளையில் மிச்சமிருக்கும் செல்கள் டோபமினைச் சேமித்து வைத்துக் கொடுப்பதால், நேரம் தப்பினாலும் தெரியாது. நான்கைந்து வருடம் ஆனதும் அந்தச் சேமிப்பு குறைகிறது. ஐந்தாறு மணி நேரம் தாங்கிய மாத்திரை மூன்று, நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. உடம்பு நன்றாக இயங்கும் நேரத்தை 'ஆன்' என்றும் இறங்கிய நேரத்தை 'ஆஃப்' என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். அப்பா காலை ஏழு, ஏழரைக்கு மாத்திரை போடுகிறார் என்றால் பதினோரு மணிக்கு வருவது ஆஃப்.

சீட்டில் '1-1-1' என்று இருந்தால் வீட்டில் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுகிறோம். காலை எட்டு, மதியம் ஒன்றரை, இரவு ஒன்பது என்று இடைவெளி கோணலாகிவிடுகிறது. அடுத்த முறை போகும்போது, "மணி போட்டு எழுதித் தாங்க டாக்டர்" என்று கேளுங்கள். உதாரணத்துக்கு 6, 11, 4 மணி. மூன்று வேளை போதாது என்றால் நான்காக்குவதா, அளவைக் கூட்டுவதா, என்டகபோன் போன்ற துணை மருந்து சேர்ப்பதா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்களாக ஒரு மாத்திரையைக் கூட்டாதீர்கள். மாத்திரையின் அளவு கூடினால் கை, கழுத்து, உடம்பு தானாக நெளியும் டிஸ்கைனீசியா வரலாம். அதைவிட முக்கியம், திடீரென்று நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

சில நாள் போட்டும் வேலை செய்யாததற்கு முதல் சந்தேகம் சாப்பாடு. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். புரதத்திலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்கள் போகும் அதே வாசல் வழியாகத்தான் அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகிறது. கூட்டம் அதிகமானால் மருந்து வெளியே நிற்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், பால் டீ வந்ததும் அதோடு மாத்திரையை விழுங்குவது. ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, டீயில் அதில் பாதி இருந்தாலும் மருந்துக்குப் போட்டிதான். ஆறு மணிக்கு தண்ணீரோடு மாத்திரை, ஆறே முக்காலுக்கு டீ, ஏழரைக்கு இட்லி என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியலாம்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்றால் இரண்டு மேரி பிஸ்கெட்டோ பாதி வாழைப்பழமோ கொடுங்கள், பால் வேண்டாம். இங்கே இன்னொரு விஷயம். சின்டோபா 110ல் கார்பிடோபா 10 மில்லிகிராம்தான். மூன்று வேளைக்கும் சேர்த்து 30. வழியில் வீணாவதைச் சரியாகத் தடுக்க நாளுக்கு 70, 75 மில்லிகிராமாவது வேண்டும். 125 என்று வரும் சின்டோபா பிளஸில் அதே 100 லெவோடோபாவுடன் 25 கார்பிடோபா இருக்கிறது. குமட்டல் தொந்தரவு இருந்தால் இதைக் குறிப்பிட்டு டாக்டரிடம் கேளுங்கள். கடைக்காரர், "110 இல்ல, 125 தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் ஒன்றல்ல. 'சிஆர்' என்று போட்ட மாத்திரை மெதுவாகக் கரைவது. அதைப் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது.

புரதம் போட்டி போடுகிறது என்று கேட்டதும் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அது பெரிய தப்பு. எடை குறையும், தொடைச் சதை கரையும், விழுவார். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் கட்டாயம் வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மதிய ஆஃப் தொந்தரவு செய்கிறவர்களுக்குக் காலையும் மதியமும் இட்லி, காய்கறி, சோறு என்று புரதம் குறைவாக வைத்துக்கொண்டு, காசிமேட்டு மீனை இரவுக்கு மாற்றினால் பகல் ஓரளவு சீராகும். எடை குறைகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மலச்சிக்கல். பார்க்கின்சனில் குடலும் வயிறும் மெதுவாகிவிடுகின்றன. மாத்திரை சிறுகுடலுக்குப் போய்த்தான் ரத்தத்தில் ஏறும். அது வயிற்றிலேயே தங்கிவிட்டால் 45 நிமிடத்தில் வர வேண்டிய ஆன் ஒன்றரை மணி நேரம் ஆகும், சில வேளை வரவே வராது. தண்ணீர் ஒன்றரை, இரண்டு லிட்டர், கொய்யா, பப்பாளி, வாழைத்தண்டு, கீரை, தினமும் ஒரே நேரத்தில் கழிவறை. இசப்கோல் கொடுத்தால் நிறையத் தண்ணீரோடு கொடுங்கள், இல்லையென்றால் அதுவே அடைக்கும். மூன்று நாள் போகவில்லை என்றால் காத்திருக்காமல் மருந்து கேளுங்கள்.

இனி நடை. கால் ஒட்டிக்கொள்வது குறுகிய வாசல், திரும்பும் இடம், அவசரம் ஆகிய மூன்றில்தான் அதிகம் வரும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடும். நடைவழியில் ஒரு பக்கம் தண்ணீர் டிரம், குடங்கள், மறுபக்கம் செருப்பு ஸ்டாண்ட், நடுவில் உயர்ந்த நிலைப்படி, மேலே தொங்கும் திரைச்சீலை, உள்ளே போன் அடிக்கிறது. முதலில் வழியைக் காலி செய்யுங்கள். டிரம்மை எங்கே வைத்தாலும் சரி, படுக்கையிலிருந்து கழிவறை வரை உள்ள வழியில் வேண்டாம். மடிந்து கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, தரையில் கோடு. தரையின் நிறத்துக்கு நன்றாக எடுத்துத் தெரியும் நிறத்தில் இரண்டு அங்குல டேப் வாங்கி, நிலைப்படிக்கு முன்னால் நான்கைந்து, பின்னால் நான்கைந்து கோடுகள் ஒட்டுங்கள். நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஏணிப்படி போல. இடைவெளி 40, 45 சென்டிமீட்டர், அப்பாவின் வசதியான ஓர் எட்டு. தானாக நடக்கும் வழி மூளையில் தடைப்பட்டிருந்தாலும், கண்ணால் பார்த்துக் கோட்டைத் தாண்டுவதற்கு மூளை வேறு பாதையைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் சமதரையில் ஒட்டிக்கொள்ளும் கால், மாடிப்படியில் சரளமாக ஏறுகிறது. இருட்டில் கோடு பயன்படாது, இரவு விளக்கு வேண்டும்.

ஒட்டிக்கொண்டதும் வீட்டில் எல்லோரும் செய்வது கையைப் பிடித்து இழுப்பது. உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுவார். இப்படிச் செய்யுங்கள். பக்கவாட்டில் நின்று, "நில்லுங்கப்பா, நேரா நில்லுங்க" என்று சொல்லுங்கள். குதிகால் தரையில் பதியட்டும். எடையை வலது, இடது என்று இரண்டு முறை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள். முதல் எட்டு பெரிதாக வந்துவிட்டால் அடுத்தது தானாக வரும். பொடி எட்டாக ஓட ஆரம்பித்தாலும் இதே வழிதான், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைவாக நடந்து திரும்பட்டும். நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், கையில் டம்ளர் கொடுக்காதீர்கள். கால் தடுக்கும் லுங்கியைவிட அரைக்கால் டிரவுசர் நல்லது. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது வாங்குங்கள்.

நாற்காலியிலிருந்து எழ: முதலில் விளிம்புக்கு நகர வேண்டும், பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து இடுப்பளவு அகலத்தில் வைக்க வேண்டும், மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்து, கைப்பிடியைத் தள்ளி எழ வேண்டும். நேராக நிமிர்ந்தபடி எழ முயன்றால் பின்னால் சாய்வார். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல், தாழ்ந்த சோபா இரண்டும் ஆகாது.

கழிவறைக்குக் கொத்தனாரை வைத்து இரண்டு கைப்பிடிக் கம்பிகள் மாட்டுங்கள். சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு, அவர் நின்றால் எட்டும் உயரத்தில் ஒன்று, உட்கார்ந்து எழும் இடத்தில் ஒன்று. துண்டு போடும் கம்பி பாரம் தாங்காது. இந்திய முறைக் கழிவறை என்றால் மேலே வைக்கும் கமோடு ஸ்டூல் வாங்கலாம், கால்களில் ரப்பர் மூடி இருக்கட்டும். மாடிப்படியில் இறங்கும்போது துணைக்கு இருப்பவர் ஒரு படி கீழே முன்னால், ஏறும்போதும் ஒரு படி கீழே, அதாவது பின்னால். படி இறங்க வேண்டிய வேலைகளை ஆன் நேரத்தில் மட்டும் வையுங்கள். குளியல், சவரம், பேங்க், நடைப்பயிற்சி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மாத்திரை போட்டு 45 நிமிடத்திலிருந்து அடுத்த இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் அவருடைய நாளின் நல்ல பகுதி. அதை டிவி முன்னால் செலவழித்துவிட்டு, ஆஃப் நேரத்தில் குளிக்கக் கூப்பிட்டால் இருவருக்கும் கோபம்தான் வரும்.

உடற்பயிற்சி இந்த நோயில் மாத்திரைக்கு அடுத்த மருந்து, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். லேசாக மூச்சு வாங்க வேண்டும், உலாத்துவது போதாது. பெரிய எட்டு, கை வீச்சு, பாட்டின் தாளத்துக்கு நடை. சாலையில் லாரிப் புகையும் மேடு பள்ளமும் இருக்கும் தெருவைவிட மொட்டை மாடியோ மாநகராட்சிப் பூங்காவோ நல்லது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் குதிகால், முதுகு, தலை படும்படி இரண்டு நிமிடம் நிற்பது இரண்டையும் தினமும் சேருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு, உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். குரலுக்கு, தினத்தந்தியைப் பத்து நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். தான் சரியான சத்தத்தில்தான் பேசுகிறோம் என்று அவருக்குத் தோன்றும், உண்மையில் குரல் பாதியாகிவிட்டிருக்கும். அதனால் "கத்துற மாதிரி படிங்க" என்றே சொல்லலாம்.

விழுங்குவதைக் கவனியுங்கள். வயதானவருக்கு லேசாக இருக்கட்டும் என்று நாம் கொடுக்கும் ரசம் சாதம்தான் இங்கே மிகவும் கஷ்டமான உணவு. ரசம் வேகமாகத் தொண்டைக்கு ஓடுகிறது, பருக்கை வாயில் நிற்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் தொண்டையால் முடிவதில்லை. புரையேறுகிறது. குழைந்த, ஒரே பதமான உணவு நல்லது: கெட்டியான கூழ், மசித்த பருப்பு சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை லேசாகத் தாழ்த்தி, சின்னக் கவளமாக. அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை நிறுத்தி, டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கட்டும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். நோயாலும் மாத்திரையாலும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். அப்பா, "தலை சுத்துது" என்பார். தெருமுனை கிளினிக்கில் தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டிலோ ஸ்டூஜெரானோ எழுதித் தருவார்கள். வாந்தி என்றால் பெரிநார்ம். இந்த மூன்றும் டோபமினின் வேலையைத் தடுப்பவை. பத்து நாளில் அவர் இன்னும் விறைத்து, மெதுவாகி, 'நோய் முற்றிவிட்டது' என்று வந்து நிற்பார். ஏற்கெனவே இவற்றில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே சீட்டுகளைப் பாருங்கள். தூக்கமில்லை, குழப்பம் என்று கொடுக்கப்படும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் ஆகியவையும் அப்படியே. பார்க்கின்சனுக்கே கொடுக்கப்படும் ரசாஜிலினோ செலிஜிலினோ சாப்பிடுகிறவர் என்றால் டிரமடால் வலி மருந்தும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் சிரப்பும் கூடாது. கூடாத இந்த மருந்துகளின் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி, மாத்திரை நேரங்களையும் சேர்த்து அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அந்த அட்டையை முதலில் காட்டுங்கள், அவருடைய மாத்திரை அவருடைய நேரத்துக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள்.

தலைசுற்றலுக்குச் செய்ய வேண்டியது வேறு. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள், நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் அதை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பல வருடத்துக்கு முன் தொடங்கிய பி.பி. மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களை அரை அடி உயர்த்துங்கள். எழும் முன் பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் தண்ணீர் குறையாமல் பாருங்கள்.

'நாட்டு மருந்து, பக்க விளைவில்லை' என்று பூனைக்காலி விதைப் பொடி வாங்கித் தருகிறார்கள். அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான், எவ்வளவு என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். சின்டோபாவோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும். கொடுப்பதாக இருந்தால் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

மனநிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முக்கியமில்லை என்பதால் அல்ல. சோர்வும் ஆர்வமின்மையும் நோயின் பகுதி, அதற்கு மருந்து உண்டு. பார்க்கின்சனுக்கான பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் சாப்பிடுகிறவர் திடீரென்று ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டாலோ, கண்டதையெல்லாம் வாங்கினாலோ திட்டாதீர்கள், அது மருந்தின் விளைவு, டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றாலும் அப்படியே. இரண்டு நாளில் மடமடவென்று மோசமானால் அது பார்க்கின்சன் அல்ல. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், புது மருந்து இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். பார்க்கின்சன் மாதக்கணக்கில்தான் நகரும்.

அடுத்த ஓ.பி.க்கு முன் மூன்று நாள் ஒரு தாள் எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு கட்டம்: ஆன், ஆஃப், நெளிவு, தூக்கம். மாத்திரை, சாப்பாட்டு நேரங்களையும் அதில் குறியுங்கள். ஆஃப் நேர நடையை அரை நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். ஸ்டான்லியிலோ சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ நரம்பியல் பிரிவில் கூட்டத்துக்கு நடுவே டாக்டர் பார்க்கும் சில நிமிடத்தில் அந்தத் தாள் பேசும். வரிசையில் நிற்கும்போது பதினோரு மணி மாத்திரை தவறிவிடுகிறது, தண்ணீர் பாட்டிலோடு கையில் எடுத்துப் போங்கள். சென்ட்ரலுக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் போவது ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குவதைவிட நல்லது, லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட் கதவு மூடிவிடுமோ என்ற பதற்றத்தில் கால் ஒட்டும், அகலமான கதவைப் பயன்படுத்துங்கள்.

கையெழுத்து சிறுத்துப்போய் பேங்கில் ஒத்துப்போகாத நாள் வரும். இப்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றை முகத்தைக் காட்டியே போனில் பதியலாம், நடுங்கும் விரலை ரேகைக் கருவியில் அழுத்த வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தண்ணீர் நின்றால் மருந்துக்கடை திறக்காது. புரட்டாசி முடிவதற்குள் பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, நனையாத டப்பாவில் போட்டு, காலாவதித் தேதியை மேலே எழுதி வைத்துவிடுங்கள்.